45 எழுத்துத் தூசி

பள்ளிக்கூடத்தில் இந்த விடுகதையைக் கேட்காதவர் குறைவு. “இங்கிலீஷிலேயே நீளமான வார்த்தை எது?” விடை: ‘ஸ்மைல்ஸ்’. முதல் எஸ்ஸுக்கும் கடைசி எஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மைல் இருக்கிறதே! சிரிப்பு அடங்குவதற்குள், பொது அறிவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த ஒருவன் எழுந்து மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். இங்கிலீஷில் 45 எழுத்து. தமிழில் எழுதினால் 27 எழுத்தில் அடங்கிவிடுகிறது. எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று பொருளும் சொல்லிவிட்டு உட்காருவான்.

நோயின் பெயர் என்றால் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கும் என்றுதான் தோன்றும். இது பிறந்தது புதிர்ப் பிரியர்கள் கூட்டத்தில்.

அமெரிக்காவின் தேசியப் புதிராளர் சங்கம் 1883-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு எழுத்துப் புதிர்கள் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். அந்நாளில் ஆண்டுக்கு இருமுறை கூடுவார்கள். அப்படி 103-ஆவது முறையாக, 1935 பிப்ரவரி 22 அன்று, நியூயார்க்கர் ஓட்டலில் கூடினார்கள். அதுவரை அவர்கள் கணக்கில் மிக நீளமான சொல்லாக இருந்தது ‘எலெக்ட்ரோஃபோட்டோமைக்ரோகிராஃபிகலி’, 28 எழுத்து. அன்று சங்கத் தலைவர் எவரெட் எம். ஸ்மித் புதிய சொல்லை எடுத்து வைத்தார். பழைய சொல் 17 எழுத்தில் தோற்றது. மறுநாள் ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ இதைச் செய்தியாகவே போட்டுவிட்டது. சொல்லைக் கட்டியவரும் ஸ்மித்தேதான் என்று கருதப்படுகிறது. அவர் ‘கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர்’ நாளிதழின் வானொலிச் செய்தி ஆசிரியர். மருந்தைவிடப் பிரார்த்தனையை நம்பும் திருச்சபை நடத்தும் பத்திரிகை அது. அங்கே வேலை பார்த்தவரிடமிருந்துதான் உலகின் நீளமான நோய்ப் பெயர் வந்தது!

கட்டிய விதம், ரயில் பெட்டிகளைக் கோப்பது மாதிரி. ‘நியூமோனோ’ கிரேக்கம், நுரையீரல். ‘அல்ட்ரா’ லத்தீன், அப்பால். ‘மைக்ரோ’ சிறியது, ‘ஸ்கோபிக்’ பார்ப்பது தொடர்பானது. மூன்றும் சேர்ந்தால் நுண்ணோக்கிக்கும் அகப்படாத அளவு பொடி. ‘சிலிகோ’ மணலிலும் பாறையிலும் உள்ள சிலிகா. ‘வால்கேனோ’ எரிமலை, ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயர். ‘கோனி’ கிரேக்கத்தில் தூசி. ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் நோய் நிலை. கிரேக்கமும் லத்தீனும் கலந்த இந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் பழைய சரக்குதான். தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கு ‘நியூமோனோகோனியோசிஸ்’ என்று ஜெர்மன் மருத்துவர் ஜென்கர் 1860-களிலேயே பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரை இரண்டாக வெட்டி, எஞ்சினை முன்னாலும் கார்டு வண்டியைப் பின்னாலும் நிறுத்தி, நடுவில் மற்றவற்றைக் கோத்தால் ரயில் தயார்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. ஃபிராங்க் ஸ்கல்லி என்ற நகைச்சுவை எழுத்தாளர், நோயில் படுத்திருப்பவர்கள் பொழுது போக்குவதற்கென்றே புத்தகங்கள் தொகுத்துவந்தார். 1936-இல் வந்த தொகுப்பில் இந்தச் சொல்லையும் சேர்த்தார். அச்சில் வந்தாயிற்று, அகராதிக்காரர்களுக்குச் சான்று கிடைத்தாயிற்று. 1939-இல் மெரியம்-வெப்ஸ்டர் பேரகராதியின் பிற்சேர்க்கையில் சொல் ஏறிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, சொல்விளையாட்டு ஆர்வலர்கள் பழைய நாளிதழைத் தேடி எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஆக்ஸ்போர்டு அகராதி இதைச் செயற்கையாகச் செய்த நீளச் சொல் என்று குறித்து, இன்ன நோயைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது என்று சற்றுத் தள்ளி நின்றே பொருள் தருகிறது.

ஆனால் சொல்லுக்குள் இருக்கும் தூசி பொய்யில்லை.

இந்தச் சொல் பிறந்த அதே காலத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், மின்சாரம் எடுப்பதற்காக ஓர் ஆற்று நீரை மலைக்குள் திருப்பிவிட ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். வேலை தொடங்கியது 1930-இல். பாறை கிட்டத்தட்ட கலப்பில்லாத சிலிகா. துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும், வேலை மெதுவாகும். வறண்ட பாறையிலேயே துளையிட்டார்கள். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். வெளியே வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. ஓரிரண்டு ஆண்டுகளில் பலர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கியே செத்தார்கள். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அதில் சொல்லப்பட்ட சாவுக் கணக்கு 476. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986-இல் எழுதிய நூலில் அது 764 ஆனது.

ஓட்டலில் நடந்த விளையாட்டுக்கும் சுரங்கத்தில் நடந்த சாவுக்கும் நேரடித் தொடர்பு சொல்ல முடியாது. எழுத்துகளில் மட்டும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த 45 எழுத்தின் முன்பக்கத்திலிருந்து ‘நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்’ என்ற 24 எழுத்தைக் கழற்றுங்கள். நடுவிலிருந்து ‘வால்கேனோகோனியோ’ என்ற 12 எழுத்தையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் ஒன்பது எழுத்து, வரிசை குலையாமல் நிற்கும்: சிலிகோசிஸ்.

கல்குவாரியிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்களின் சீட்டில் மருத்துவர் எழுதுவது இந்தச் சின்னப் பெயரைத்தான். பெரிய பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பையனுக்குக் கைதட்டல் கிடைக்கும். சின்னப் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பவரால் அதைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியாது.