கல்லில் எழுதிய போர்கள்

உரோமாபுரியில் திராஜன் மன்னன் பெயரால் நிற்கும் தூண் கி.பி. 113 இல் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான சிற்பப் பட்டியொன்று அதனைச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. தன்யூப் நதிக்கு அப்பாலிருந்த டேசியா நாட்டின்மீது அவன் நடத்திய இரு போர்களே அதன் கதை. போர் என்றால் வாளும் குதிரையுந்தான் என்று நினைப்போம். அங்கோ படைவீரர் மரம் வெட்டுகிறார்கள், அரண் கட்டுகிறார்கள், ஆறு கடக்கிறார்கள். மருத்துவத் துறைக்கு வந்த எங்கள் கண் ஓரிடத்தில் நின்றுவிடும்: காயப்பட்ட ஒருவனின் தொடைக்கு மற்றொருவன் கட்டுப் போடுகிறான். அவன் உரோமப் படையைச் சேர்ந்தவன். தோற்றவர்களின் பக்கத்தில் விழுந்தவர்களைத் தூக்கிச் செல்லத் தோழர்கள் உண்டு. மருந்து கட்டுபவரைக் காணோம்.

தமிழகத்திலும் இத்தகைய கல் வரலாறு உண்டு. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காஞ்சிபுரத்தில் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில், பல்லவர் வரலாறு ஈரடுக்குச் சிற்பங்களாக ஓடுகிறது. யானைப்படை, குதிரைப்படை, முடிசூட்டு விழா எல்லாம் அதில் உண்டு. நமக்குப் பிடித்த கட்டம் வேறு. அரசன் வாரிசின்றி இறந்தபின் காஞ்சியிலிருந்து சென்றவர்கள் இரணியவர்மனிடம் ஒரு மகனைக் கேட்கிறார்கள். மூத்தவர் மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதான இளையவன் "நான் போகிறேன்" என்கிறான். அந்தப் பையன்தான் நந்திவர்மன். தன் உரிமையை ஊர் ஏற்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு கல்லையும் செதுக்குவித்தான் போலும்.

இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண். சில சிற்பங்களின் கீழே தமிழில் விளக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்தில்லாதவற்றில் நிற்பவர் யாரெனச் செப்பேடுகளோடு ஒப்பிட்டே அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. நூல் 1941 இல் வெளிவந்தது. முந்திய ஆண்டிலேயே, முப்பத்தைந்து வயது நிரம்புமுன், அவர் காலமாகிவிட்டார்.

மட்டக்களப்பிலோ 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், வாசலில் தம் கம்பனியின் இலச்சினையைப் பொறித்ததோடு சரி. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை நந்தியைப் பற்றி நம் அம்மம்மாமார் சொன்ன கதையே நமக்குப் பெரிது. கோயிலை இடிக்க வந்த பறங்கிப் படை "இந்தக் கல்மாடு புல்லுத் தின்னுமோ?" என்று கேட்க, நந்தி எழுந்து புல்லும் தின்று சாணமும் போட்டதாம். வெட்டெழுத்து ஒன்றுமில்லை, ஆனாலும் எழுவான்கரைப் பிள்ளைக்கும் அது தெரியும்.

நம் காலத்துப் போரில் இடைநடுவே பாடசாலையை விட்டுப் போன தோழியர் பலர். வகுப்புப் படங்களில் அவர்கள் நிற்கிறார்கள். படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தாலும், அப்படங்களை வைத்திருப்போர் பெயர்களை எழுதி ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பின்வரிசையையும் விடாமல் எழுதுங்கள்.