போர் விமான கேம் இலவசம், விமானம் மட்டும் 80 டாலர்: என்ன கணக்கு இது?

ஸ்டீமில் 'டிசிஎஸ் வேர்ல்டு' என்று தேடினால் இலவசம் என்றுதான் காட்டும். அது பொய்யும் இல்லை. சு-25டி தாக்குதல் விமானம், இரண்டாம் உலகப் போர்க் கால டிஎஃப்-51டி, காகசஸ் மேப் எல்லாம் சும்மாவே கிடைக்கும். ஆனா நீங்க வந்தது எஃப்-16 ஓட்டத்தானே? அது தனி மாட்யூல். பட்டியல் விலை சுமார் 80 டாலர். அப்படியே ரூபாய்க்கு மாற்றினால் 6,500-ஐத் தாண்டும். பாரசீக வளைகுடா, சிரியா போன்ற மேப்களுக்கும் தனிக் காசு.

ஏன் இந்த விலை? ஒரே விமானத்தின் காக்பிட் சுவிட்சுகள், ரேடார், பறக்கும் விதம் எல்லாவற்றையும் நிஜத்துக்கு நெருக்கமாக எழுத வருடக்கணக்கில் ஆகும். வாங்குபவர்களோ குறைவு. அதனால் முடியாத நிலையிலேயே 'ஏர்லி ஆக்சஸ்' என்று விற்பார்கள். எஃப்/ஏ-18சி ஹார்னெட் 2018-ல் அப்படித்தான் வந்தது. பல வசதிகள் அடுத்தடுத்த வருடங்களில் சேர்ந்தன. சிக்கல் இங்கேதான். புது விமானம் விற்றால் காசு வரும், பழையதை முடித்துக் கொடுத்தால் பெரிதாக வராது. எந்த வேலை முந்தும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு ரிஸ்க்கும் உண்டு. எல்லா மாட்யூலையும் ஈகிள் டைனமிக்ஸே செய்வதில்லை. ராஸ்பாம் என்ற வெளி நிறுவனம் செய்த எஃப்-15இ 2023-ல் ஏர்லி ஆக்சஸில் வந்தது. 2024 ஏப்ரலில், தங்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று சொல்லி ராஸ்பாம் வேலையை நிறுத்தியது. அறிவுசார் சொத்துரிமை மீறல் நடந்தது என்பது ஈகிள் டைனமிக்ஸ் தரப்பு. சண்டை அவர்களுக்குள், காசு கொடுத்தவர்கள் நடுவில். நம்ம விமானப்படையில் இருப்பதாச்சே என்று மிராஜ் 2000 தேடுகிறவர்கள் கவனிக்கவும்: டிசிஎஸ்-ன் மிராஜ் 2000சி-யும் ராஸ்பாம் செய்ததுதான்.

'வார் தண்டர்' வேறு ரூட். அங்கே விற்பது நேரம். விளையாடி விளையாடி ஜெட் வரை போகலாம், ஆனா ரொம்ப நாள் இழுக்கும். பிரீமியம் கணக்கோ பிரீமியம் விமானமோ வாங்கினால் சீக்கிரம் ஏறலாம். இந்த இழுவை தாங்காமல் 2023 மே மாதம் ஸ்டீமில் எதிர்மறை ரிவ்யூக்களைக் கொட்டினார்கள். அதன் பிறகே கைஜின் நிறுவனம் கேமின் பொருளாதாரத்தை மாற்ற இறங்கி வந்தது.

எஃப்-16 மட்டும் போதும் என்றால் 'ஃபால்கன் பிஎம்எஸ்' பாருங்கள். 1998-ல் வந்த 'ஃபால்கன் 4.0' மேல் ஆர்வலர்கள் கட்டியது, இலவசம். பழைய கேமின் அசல் பிரதி மட்டும் வேண்டும், அது மலிவுதான்.

டிசிஎஸ்-தான் வேணும்னா, ஸ்டீமை விட்டுவிட்டு அவர்களுடைய சொந்தத் தளத்தில் இறக்குங்கள். அங்கே பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டீமில் அந்த வசதி இல்லை. பிடித்தாலும் உடனே வாங்க வேண்டாம், தள்ளுபடி அடிக்கடி வரும்.