நெய்தல் நிலத்து விளையாட்டுச் செலவும் பழவேற்காட்டு ஏரியும்

செலவு என்னும் சொல் இக்காலத்து வழக்கில் பொருள் கழிதலையே பெரிதும் உணர்த்துகின்றது. பண்டை நூல்களில் அது வழிக்கொண்டு போதலைக் குறித்தது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் போக்கினை நிறுத்திவைத்தலைச் செலவழுங்கல் என்று துறைப்படுத்திய மரபே இதற்குச் சான்றாகும். இப்பழம் பொருளை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தவருள் பாரதிதாசன் குறிப்பிடத்தக்கவர். 1934-ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறி மாமல்லபுரம் சென்றதைப் பாடிய அவர், அப்பாட்டுக்கு 'மாவலிபுரச் செலவு' என்றே பெயரிட்டார். அப்படகில் ப. ஜீவானந்தம், ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி ஆகியோரோடு குருசாமியும் அவர் மனைவியார் குஞ்சிதமும் இருந்தனர். ஆடவரும் பெண்டிரும் ஒருங்கு கூடிக் களிப்பின்பொருட்டு மேற்கொண்ட செலவு அது.

இன்று பெருவழக்காயுள்ள சுற்றுலா என்னும் சொல்லினும் இப்பொருட்குச் செலவு என்பதே பொருத்தமுடையது என்பது எம் கருத்து. உலா என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் தெருவிலே பவனி வருவான். எழு பருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குவர். அங்கே காணப்படுவோன் செல்பவனே. குடும்பத்தோடு வெளியிடம் செல்வோர் பிறரால் காணப்படுதற்குச் செல்வதில்லை. தாம் காணுதற்கே செல்கின்றனர். சொல் வேரூன்றிவிட்டமையின் அதனை மாற்றுதல் இனி இயலாது.

ஓய்வு நாளில் குடும்பத்தோடு வெளியே சென்று பொழுது கழிக்கும் வழக்கம் ஐரோப்பியர் வரவால் நமக்கு வந்தது என்று சிலர் எழுதுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பொறுத்தமட்டில் இது மெய். வழக்கத்தைப் பொறுத்தவரையில் இது பொருந்தாது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் மதுரை மக்கள் விடியலிலே அணிந்தும் ஊர்ந்தும் திருப்பரங்குன்றத்திற்குச் செல்கின்றனர். வழியில் குரங்குகட்குத் தின்பண்டம் கொடுப்போரும் கருமுக முசுக்கட்குக் கரும்பு கொடுப்போரும் உளர். எழுதெழில் மண்டபத்து ஓவியங்களைக் கண்டு இவர் யாவர் என வினவுவோரும், இவள் அகலிகை, இவன் இந்திரன் என விளக்குவோரும் உளர். வழிபாட்டின்பொருட்டுச் சென்றவரேயாயினும் அவர் பொழுது கழித்த முறை விளையாட்டே என்பதை மறுத்தல் அரிது. எனினும் இவர் நகரமாந்தர். உழைத்துண்ணும் குடிகளின் ஓய்வு நாளை அறிதற்கு நாம் நெய்தல் நிலத்திற்கே செல்லுதல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் அத்தகைய ஒருநாள் முழுமையாகக் கிடைக்கின்றது. உவா நாளில் பரதவர் கடல்மேற் செல்லாது தங்குகின்றனர். வலைகள் மணல்முற்றத்தில் உலர்கின்றன. சினைச் சுறாவின் கொம்பினை நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர், தாழை மலர் சூடுகின்றனர், பனங்கள் பருகுகின்றனர். தழையுடை உடுத்த தம் மகளிரோடு காவிரி கடலொடு கலக்கும் இடத்திற்குச் சென்று முதலில் கடலாடி, பின்னர் உப்புப் போக ஆற்றுநீராடுகின்றனர். நண்டுகளைத் துரத்துவதும் அலையில் விளையாடுவதும் மணற்பாவை செய்வதுமாகப் பகல் முழுதும் கழிகின்றது. இதில் அரசன் இல்லை, தேர் இல்லை, ஏவலர் இல்லை. தம் தொழிற்களத்தின் ஓரத்திலேயே தொழில் ஒழிந்திருந்த ஒரு குடியின் நாள் இது. உப்புநீராடியபின் நன்னீராடும் முறை கடற்கரைக்குச் செல்லும் எவரும் இன்றும் செய்வதே. புலவர் அதனைக் குறித்துவைத்த நுட்பம் வியக்கத்தக்கது.

அவ்வோய்வு உவா நாளில் ஏன் அமைந்தது? சுறாக்கொம்பு வழிபாடு கூறப்படுதலின் சமயக் காரணம் வெளிப்படை. தொழிற்காரணமும் உடன் உண்டு என்று கொள்ள இடமிருக்கிறது. நிலவொளி மிக்க இரவில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பது கடல்மேல் வலைவிடுவோர் பலரும் அறிந்ததே. ஆகலின் வருவாய் குறையும் நாளே வழிபாட்டிற்கும் விளையாட்டிற்கும் உரிய நாளாயிற்று எனலாம். ஓய்வு நாளைப் பரதவர்க்கு வகுத்துத் தந்தது கிழமை அன்று, திங்கள்.

இக்கருத்தைப் பழவேற்காட்டில் வைத்து ஆராயும்போது ஒரு சிக்கல் தோன்றுகின்றது. பழவேற்காடு கடற்கரை ஊர் மட்டுமன்று, கழிக்கரை ஊருமாகும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வுப்புநீர் ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திர நாட்டெல்லைக்குள் அடங்கும். தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டில் உள்ளது. ஆரணியாறு தெற்கிலும் காளங்கி வடக்கிலும் வந்து கலக்க, சீரரிக்கோட்டைத் தீவு ஏரியைக் கடலினின்றும் பிரிக்கின்றது. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியாகவே உட்புகுந்து வெளியேறும். காருவா, வெள்ளுவா ஆகிய நாட்களை ஒட்டி ஓதம் பெருகும். பெருகிய நீரோட்டத்தோடு இறால் வரத்தும் மிகும். ஆகவே கடலில் தொழில் ஒழியும் உவாவே கழியில் தொழில் மிகும் காலமாகின்றது. பட்டினப்பாலையின் விடுமுறை பழவேற்காட்டுக் கழிக்காரர்க்கு வேலைநாளாம். நெய்தல் என்னும் ஒரு திணைக்குள்ளேயே கடலின் நாட்கணக்கு வேறு, கழியின் நாட்கணக்கு வேறு என்பதை உரையாசிரியர் வழியில் மட்டும் செல்வோர் எளிதில் தவறவிடுவர்.

இக்கழித்தொழிலை ஒழுங்குசெய்யப் பழவேற்காட்டு ஊர்கள் கொண்டுள்ள ஏற்பாட்டிற்குப் பாடு என்று பெயர். இறால் மிகுதியாக விழும் துறைகளில் எவர் எந்நாளில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறைவகுத்துக்கொள்கின்றனர். அம்முறையில் உரிமை பெறுவது தலைக்கட்டு. அதாவது குடும்பம் ஒன்றின் பெயரால் ஊர்ப்பொதுவில் எண்ணப்படும் ஆடவன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இவ்வுரிமையுடைய பழைய ஊர்கள். ஒருவனுக்கு முறை இல்லாத நாள் அவனுக்கு ஓய்வு நாள். ஊர் முழுதும் ஒருங்கே ஓய்ந்திருக்கும் நாள் இம்முறையில் அரிது. ஒரு வீடு ஓய்ந்திருக்க அடுத்த வீடு வலை கட்டும். பாட்டில் உரிமையில்லாத இருளர் முதலியோர் நீரில் அமர்ந்து கையாலே இறால் தடவிப் பிடிக்கின்றனர். அவர்க்கு முறையும் இல்லை, ஓய்வும் இல்லை.

இனிப் பிறருடைய விடுமுறை இவ்வேரிக்கு வந்த வரலாற்றைக் காண்போம். ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையும் 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக இவ்வூர் விளங்கியதும் பலர் எழுதியனவே. அவர்தம் கல்லறைகளைக் காண இன்றும் மக்கள் வருகின்றனர். எம் பொருட்கு அவற்றினும் இன்றியமையாதது கால்வாய். பேசில் காக்ரேன் என்பார் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய அது, பின்னர்ப் பழவேற்காட்டு ஏரியோடு இணைந்தது. 1837-இல் அரசின் கைக்கு வந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் கூலிவேலையாக மக்களைக்கொண்டு மேலும் வெட்டப்பட்டு, 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. சீரரிக்கோட்டை விறகும் உப்பும் கிளிஞ்சலும் இதன்வழியே சென்னை சென்றன. சென்னைவாழ் ஐரோப்பியர் வெயிற்காலத்தில் கடற்காற்று வேண்டி எண்ணூர்க் கரையை நாடியதும் இந்நீர்வழியை ஒட்டியே. பஞ்சத்தில் பசித்தோர் மண் சுமந்து ஆழப்படுத்திய வழியிலே விளையாட்டுப் படகுகளும் சென்றன என்பதை வரலாறு எழுதுவோர் ஒருவரியாகவேனும் குறித்தல் தகும். 1965, 66-ஆம் ஆண்டுகளை ஒட்டிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பாரதிதாசன் சென்ற வகைப் படகுச்செலவு அதன்பின் இயலாததாயிற்று.

கால்வாய் தூர்ந்தபின் சாலை அவ்விடத்தைப் பெற்றது. பொன்னேரியிலிருந்து பேருந்தில் வந்திறங்குவோர், ஐப்பசி முதல் பங்குனி வரை பூநாரைகளைக் காண வருவோர், காணும் பொங்கலன்று குடும்பத்தோடு கட்டுச்சோறு கொண்டு வருவோர் எனக் கூட்டம் பெருகியது. இவரை ஏற்றிச் சென்று முகத்துவாரத்தையும் மணல்திட்டையும் காட்டுவோர் மீனவரே. வலைப்படகே விளையாட்டுப் படகாயிற்று. இருபாலார்க்கும் இதில் ஆதாயம் இருந்தது. பாடு இல்லாத நாளில் மீனவர்க்குக் கையில் காசு, நகரத்தார்க்கு நீர்மேல் ஒரு பொழுது. 2011-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிறித்துமசுக்காகக் கூடிய உறவினர் குழாம் ஒன்று அவ்வாறு ஏறிய படகு ஏரியில் கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர். அவருள் பெண்டிரும் குழந்தைகளும் பலர். அதன்பின்னர் மக்களை உலாவுக்கு ஏற்றிச்செல்வது தடைசெய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் பழியை ஒரு படகோட்டியின்மேல் வைத்து முடித்துவிடுதல் எளிது. வரலாற்று நோக்கில் பார்க்கின், வலைக்கும் மீனுக்கும் அளவிட்டுச் செய்த படகில், நீர் அறியாத மக்களை, மிதவையுடுப்பு இல்லாது ஏற்றும் வழக்கம் பல்லாண்டுகளாக எவராலும் ஒழுங்குபடுத்தப்படாமல் வளர்ந்திருந்தது. பாட்டிற்கு முறைவகுத்த ஊர், வலை கட்டும் நாளையும் இடத்தையும் விதித்த ஊர், பிறர் விளையாட்டுக்கு முறை எதுவும் வகுக்கவில்லை. அது தன் தொழிலன்று என்று எண்ணியிருத்தல் கூடும். அரசும் விபத்திற்கு முன்னர் விதி செய்யவில்லை. பின்னர்ச் செய்ததோ விலக்கு. விலக்கினால் நீர்மேற் செல்லும் விருப்பம் நின்றுவிடாது. ஓய்வு நாளில் கழிமுகத்திற்குப் போதல் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் காலந்தொட்டு வருவது என்பதை மேலே கண்டோம். வேறுபாடு ஒன்றே: அவர் அறிந்த நீரில் தாமே ஆடினர், இவர் அறியாத நீரில் பிறரை நம்பி ஆடுகின்றனர்.

பட்டினப்பாலை காட்டும் அவ்வகை நாள் இன்று முற்றும் மறைந்துவிட்டதா எனின், இல்லை. மாசிமகத்து முழுநிலவை ஒட்டி வடமாவட்டங்களின் இருளர் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரைக்கு வருகின்றனர். மணலில் கம்பு நட்டுத் துணிகளாலே குடில் கட்டுகின்றனர். அலை தொடும் இடத்தில் மணலால் மேடை அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். இரவெல்லாம் நிலவொளியில் பாட்டும் ஆட்டமும் நிகழும். விடியலில் கடலாடி, அக்கரையிலேயே மணமக்களுக்குத் தாலி கட்டுவித்து, குடிலைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்.