பதினோராவது ஆளா, இன்ன ஆளா?
பாரிஸ் 2024இல் ஒரு தடுப்பாட்டக்காரரின் மதிப்பு

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி அடித்த கோல்கள் 15. அவற்றில் 10 ஹர்மன்பிரீத் சிங் அடித்தவை. ஆடும் இடத்தால் அவர் தடுப்பாட்டக்காரர். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, இன்றைய ஹாக்கியில் தடுப்பாட்டக்காரரின் மதிப்பை அவர் அடிக்கும் கோல்களால்தான் எடைபோட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் முன்வைக்கும் முதன்மைச் சான்று 2024 ஆகஸ்ட் 4 அன்று நடந்த கால் இறுதி. பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். 40 நிமிடத்துக்கு மேல் 10 பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. பின்களத்தில் ஒருவர் இல்லாவிட்டாலும் குடிமுழுகிவிடாது என்பது இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு.

இந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை. கால் இறுதி சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறது இது.

சிவப்பு அட்டை பெற்றவருக்கு மாற்று ஆள் கிடையாது. ஆகவே அன்று களத்தில் இல்லாமற்போனது இரண்டு: ரோஹிதாஸ் என்ற ஆட்டக்காரர் ஒன்று, பதினோராவது ஆள் என்ற எண்ணிக்கை மற்றொன்று. அந்த ஆட்டத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆள் குறைந்த அணி தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்கிறது. முன்களத்தார் பின்னே வருகிறார்கள், இடைவெளிகள் சுருங்குகின்றன, பந்தைத் தக்கவைப்பதைவிட வெளியே தள்ளுவது முக்கியமாகிறது. ஒருவரின் வேலையைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டதைக் காட்டி, அந்த வேலைக்கு மதிப்பில்லை என்பது எப்படிப் பொருந்தும்? 22ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத் கோல் அடித்தபோதும் இந்தியா 10 பேரோடுதான் ஆடியது என்பது உண்மையே. ஆனால் 27ஆம் நிமிடத்தில் பிரிட்டனின் லீ மார்ட்டன் சமன் செய்தபின், ஆட்டம் முடியும்வரை இந்தியாவுக்குக் கோல் இல்லை. பங்கிட்ட வேலைக்கான விலை அங்கே கட்டப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. ஷூட் அவுட்டோ கோல்கீப்பருக்கும் தனியாளாகப் பந்தோடு வருபவருக்கும் இடையிலானது. தடுப்பாட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த வெற்றியைத் தடுப்பாட்டத்தின் கணக்கில் கூட்டவோ கழிக்கவோ கூடாது.

பயன்படக்கூடிய சோதனை இரண்டு நாள் கழித்து நடந்தது. ரோஹிதாஸுக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, ஹாக்கி இந்தியாவின் மேல்முறையீடும் தள்ளுபடியானதால், ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை. ஆனால் களத்தில் இந்தியர் 11 பேர் இருந்தார்கள். எண்ணிக்கை நிறைந்திருக்க, ஆள் மட்டும் குறைந்த ஆட்டம் இது. கால் இறுதி எண்ணிக்கையைச் சோதித்தது என்றால், அரையிறுதி ஆளைச் சோதித்தது. இந்த வேறுபாட்டைக் காணாமல் போனதே முந்தைய வாசிப்பின் அடிப்படைப் பிழை.

அரையிறுதியில் இந்தியா 2-3 எனத் தோற்றது. ஜெர்மனியின் மூன்று கோல்களையும் ரோஹிதாஸ் இல்லாததன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 54ஆம் நிமிடத்தில் மார்க்கோ மில்ட்காவ் அடித்ததை ஒதுக்கிவிடலாம். 27ஆம் நிமிடத்தில் கிறிஸ்டோபர் ரூர் அடித்தது பெனால்டி ஸ்ட்ரோக், அதையும் விட்டுவிடுவோம். எஞ்சுவது 18ஆம் நிமிடத்தில் கொன்சாலோ பெய்யாட் பெனால்டி கார்னரில் அடித்த கோல். என் வாதம் இந்த ஒன்றன்மேல்தான் நிற்கிறது.

பெனால்டி கார்னரைத் தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து ஐவருக்குத்தான் அனுமதி. அவர்களில் ‘ஃபர்ஸ்ட் ரஷ்ஷர்’ எனப்படுபவர் பந்து உள்ளே தள்ளப்பட்ட கணமே டிராக் ஃபிளிக் முறையில் கோலை நோக்கி அடிப்பவரிடம் நேரே பாய்வார். இந்திய அணியில் ரோஹிதாஸின் வேலை அது. பந்தைத் தடுத்தால்தான் அவர் வென்றார் என்பதில்லை. 3.66 மீட்டர் அகல கோலில் ஒரு பக்கத்தைத் தன் உடலாலும் மட்டையாலும் அடைத்து, மறுபக்கத்தைக் கோல்கீப்பருக்கு விட்டுவைக்கிறார். அடிப்பவர் நினைத்த திசையை மாற்ற நேர்ந்தாலே வேலை முடிந்தது. ஆட்டக் குறிப்பேட்டில் அது கோல்கீப்பரின் தடுப்பாகவோ குறி தவறிய அடியாகவோ பதிவாகும். ரஷ்ஷரின் பெயர் எங்கும் வராது. பெய்யாட் ஜெர்மனிக்கு மாறும் முன், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காக 11 கோல் அடித்து முதலிடம் பெற்றவர். அப்படிப்பட்டவர் முன் அந்தப் பாய்ச்சலில் அரை நொடி பிந்துவதும் பெரிய இழப்பே.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. ரோஹிதாஸ் இல்லாமலே பிரிட்டனைச் சமாளிக்கவில்லையா என்பது முதலாவது. பிரிட்டனிடம் பெய்யாட் இல்லை. எல்லாம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கைவண்ணம் என்பது இரண்டாவது. அரையிறுதியிலும் அதே ஸ்ரீஜேஷ்தான் நின்றார். ஒரே ஆட்டத்தைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாமா என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. வகுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் இறுதியை வைத்து வகுத்தவர்களையும் அதே கேள்வி கட்டுப்படுத்தும்.

காத்தலைத் தனியே மதிப்பிடும் இந்தச் சிக்கலை நம் இலக்கண மரபு அறியாததன்று. தொல்காப்பியம் மதில் காத்தலை மதில் வளைத்தலோடு சேர்த்து உழிஞை என்ற திணையில் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை அதைப் பிரித்து நொச்சி என்று தனித் திணையாக்கியது. ஹாக்கியின் புள்ளிவிவரம் இன்னும் உழிஞையிலேயே நிற்கிறது. காத்தவர் கோலும் அடித்தால்தான் அதற்குக் கண் தெரிகிறது. ஹர்மன்பிரீத்தின் 10 கோல்கள் அவர் எத்தகைய கோலடிப்பவர் என்பதைச் சொல்கின்றன. எத்தகைய தடுப்பாட்டக்காரர் என்பதைச் சொல்லவில்லை. பாய்ச்சல்களையும் அவை அடைத்த கோணங்களையும் தனியே பதியும் ஒரு நொச்சிப் பட்டியல் தேவை.

ஆகஸ்ட் 8 அன்று ரோஹிதாஸ் அணிக்குத் திரும்பினார். இந்தியா ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. ஸ்பெயினின் ஒரே கோல் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வந்தது; பெனால்டி கார்னர் ஒன்றையும் அவர்களால் கோலாக்க முடியவில்லை. இந்தியாவின் 15 கோல்களில் ரோஹிதாஸ் அடித்தது ஒன்றுகூட இல்லை.