செயின் சா-வில் ஆயில் ஒழுகுதா? அதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கு!

2016 டிசம்பர் 12-ஐ அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் மக்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்த நாள் அது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடையாறு பிரம்மஞான சபையின் பசுமையான வளாகமும் தப்பவில்லை. தெருவை மறித்துக் கிடந்த மரங்களை அகற்ற மீட்புப் பணியாளர்கள் கையில் எடுத்த முக்கியமான கருவி, செயின் சா எனப்படும் மரம் அறுக்கும் மெஷின்.

இப்போது தோட்ட வேலை செய்பவர்கள், மரம் வெட்டும் தொழிலாளர்கள், சில குடியிருப்புகள் என்று பலரிடமும் இந்த மெஷின் இருக்கிறது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்துவிட்டு, மழைக்காலம் வந்ததும் வெளியே எடுத்தால் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். 'மெஷின் போச்சு' என்ற பதற்றம் வரும். ஆனால் ஒழுகும் மெஷினைவிட ஆயிலே வராத மெஷின்தான் ஆளுக்கு ஆபத்து.

ஒழுகுவது எந்த ஆயில்?

பெட்ரோலில் ஓடும் செயின் சா-வில் 2 டேங்க் இருக்கும். ஒன்றில் பெட்ரோலும் 2 ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்த எரிபொருள். இன்னொன்றில் பார் ஆயில். நீளமான இரும்புப் பட்டைதான் பார். அதன் விளிம்பில் உள்ள பள்ளத்தில் செயின் ஓடுகிறது. முழு வேகத்தில் விநாடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல்! அந்த உராய்வைத் தாங்க, ஒரு சின்ன பம்ப் தொடர்ந்து ஆயிலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பைக் இன்ஜினில் சுற்றுவதுபோல இந்த ஆயில் திரும்ப டேங்குக்கு வராது. மரத்தூளோடு வெளியே போய்விடும். அவ்வளவுதான்.

சும்மா இருக்கும்போது ஏன் சொட்டுது?

வேலை முடிந்த பிறகும் பாரிலும், பக்கவாட்டு மூடிக்கு உள்ளே ஆயிலில் ஊறிய மரத்தூளிலும் மிச்சம் இருக்கும். அது மெதுவாக வடியும். சென்னை வெயிலும் ஒரு காரணம். தகரக் கூரை ஷெட்டில் வைத்தால் டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து ஆயிலை வெளியே தள்ளும். சில சொட்டுகள் என்றால் கவலை வேண்டாம். டேங்கைக் காலி செய்து, அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும்.

நிரப்பி வைத்த டேங்க் ஒரே ராத்திரியில் காலியானால்தான் அது உண்மையான லீக். மெஷினை நன்றாகத் துடைத்து, பழைய நியூஸ்பேப்பர் மேல் வைத்துப் பாருங்கள். கறை மூடிக்கு நேராக விழுந்தால், மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். நடுவில் விழுந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம்.

ஆயில் வராவிட்டால் என்ன ஆகும்?

சிலர் ஒழுகுதே என்று ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை அடியோடு குறைத்துவிடுவார்கள். இன்னும் சிலர் ஆயிலே ஊற்றாமல் அறுப்பார்கள். இது பெரிய தவறு. காய்ந்து ஓடும் செயின் சூடாகி நீளும், தளரும், பாரை விட்டுக் கழன்று அடிக்கும். அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. விழுந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளுக்கு நடுவே நிற்பவருக்கு, சட்டென விலகக்கூட இடம் இருக்காது. அறுக்கும்போது புகை வருவதும், பார் விளிம்பு நீலமாக மாறுவதும் முன்னெச்சரிக்கைகள்.

பரிசோதிப்பது சுலபம். பார் நுனியை ஒரு வெளிறிய அட்டைக்கு மேலே, அதைத் தொடாமல் பிடித்து, சில விநாடி ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அட்டையில் ஆயில் கோடு தெறிக்க வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் டேங்க் அப்படியே நிறைந்திருந்தாலும் பிரச்சனைதான்.

பெரும்பாலும் குற்றவாளி பம்ப் இல்லை, அழுக்கு. இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பாரை வெளியே எடுங்கள். அதன் பள்ளத்தையும் ஆயில் வரும் சின்ன ஓட்டையையும் சுத்தம் செய்தாலே பாதி மெஷின்கள் சரியாகிவிடும். தென்னை மரம் அறுப்பவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டும். தென்னையின் நார் ஆயிலோடு சேர்ந்து பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகும் வரவில்லையா? டேங்குக்குள் உள்ள ஃபில்டரைப் பாருங்கள். மூடியைத் தளர்த்தினால் மட்டும் ஆயில் வருகிறது என்றால், டேங்குக்குக் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மேல் பம்ப் பல்சக்கரம்தான். செயின் பிரேக் போட்டபடியே ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கிளட்ச் சூடேறும். பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள மாடல்களில் அது உருகிப்போகலாம். இது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

எந்த ஆயில் ஊற்றலாம்?

பார் ஆயிலில் பிசுபிசுப்புக்காகத் தனிப் பொருள் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் வேகமாகச் சுற்றும் செயினிலும் ஒட்டி நிற்கும். காசு மிச்சம் என்று மெக்கானிக் ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவதுதான் மோசமான பழக்கம். அதில் இரும்புத் துகள் இருக்கும், பம்ப்பைத் தின்றுவிடும். மண்ணுக்கும் தோலுக்கும் கேடு. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சுமார் 24 டிகிரியில் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் சென்னையே அதைவிடக் குளிராக இருப்பது உண்டு!

பேட்டரி செயின் சா-வுக்கும் இதெல்லாம் பொருந்தும். அதில் பெட்ரோல்தான் கிடையாது, பார் ஆயில் கட்டாயம்.

தெருவில் மரம் விழுந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். மரத்தோடு மின்கம்பி சிக்கியிருந்தால், மின்வாரிய ஊழியர்கள் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும் வரை எந்த மெஷினோடும் அருகில் போகக் கூடாது.