பகையின் வேர்

முதலாளித்துவம் ஒரு முகாம், பொதுவுடைமை மறு முகாம், இடையே இரும்புத்திரை! அரை நூற்றாண்டுக் காலம் உலகை அச்சத்திலே ஆழ்த்திய அந்தப் பகை எப்போது பிறந்தது என்று கேட்டால், 1945-இல் என்று சட்டென விடை கூறுவார் உண்டு. ஹிட்லர் வீழ்ந்தான், பொதுப்பகை ஒழிந்தது, கூடி நின்றோர் பிரிந்தனர் என்று கதையை முடித்துவிடுவர். கூடி நின்றோர் பிரிவது இயல்பு. ஆனால், பிரிந்தோர் ஒருவரையொருவர் பூண்டோடு அழிக்க அணுகுண்டு அடுக்கி வைத்தது ஏன்? காரணம் கேட்டுப் பழகிய நமக்கு அந்த விடை போதாது. வேர் எங்கே என்று தோண்டிப் பார்ப்போம்.

1848-இல் மார்க்சும் ஏங்கல்சும் பொதுவுடைமை அறிக்கையை வெளியிட்டபோது, அது ஏட்டிலே இருந்த கொள்கை. அதற்கென ஒரு நாடில்லை, படையில்லை, கருவூலமில்லை. 1917 நவம்பர் 7-ஆம் நாள், ருசிய நாட்டிலே, லெனின் தலைமையில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். ஏட்டுக் கொள்கை கோட்டை ஏறிற்று! பகையும் அன்றே தொடங்கிற்று.

புதிய ஆட்சியின் மூன்று செயல்கள் மேல்நாட்டு அரசுகளைக் கலங்க வைத்தன. முதலாவது, மறுநாளே விடுத்த சமாதான ஆணை. ஜெர்மனியை எதிர்த்துப் பிரிட்டனும் பிரான்சும் ருசியாவும் ஒன்றாகப் போரிட்ட நேரம் அது. ருசியா விலகினால் ஜெர்மானியப் படை மேற்கே திரும்புமே! இரண்டாவது, ஜார் ஆட்சி நேச நாடுகளுடன் செய்திருந்த இரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டமை. துருக்கியர் ஆட்சியிலிருந்த அரபு நிலங்களை யார் யார் எடுத்துக்கொள்வது என்று பங்கு பிரித்து வைத்திருந்த சூழ்ச்சி சந்திக்கு வந்தது. மூன்றாவது, ஜார் வாங்கிய வெளிநாட்டுக் கடன்கள் செல்லா என்று 1918 பிப்ரவரியில் அறிவித்தமை. பிரான்சிலே பெரும் பணக்காரர் மட்டுமா, சிறுகச் சிறுகச் சேமித்த எளிய குடும்பத்தாரும் அந்தக் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தனர். பொதுவுடைமைக் கொள்கையை ஒரு வரியும் படித்திராதவர்கூட அதன்மீது சினங்கொள்ளக் காரணம் கிடைத்துவிட்டது.

படைகள் வந்தன! 1918-இல் மூர்மான்ஸ்க், ஆர்க்கேஞ்சல், விளாடிவாஸ்டாக் துறைமுகங்களில் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் துருப்புகள் இறங்கின. அங்குக் குவிந்துள்ள தளவாடங்கள் ஜெர்மானியர் கையில் சிக்கலாகாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவ்வாண்டு நவம்பர் 11-இல் போர் ஓய்ந்தது, ஜெர்மனி பணிந்தது. துருப்புகள் உடனே திரும்பினவா? இல்லை! போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெண்படைகளுக்குப் படைக்கலம் தந்து 1919-இலும் தங்கின. சைபீரியாவில் அமெரிக்கர் 1920 வரை இருந்தனர். ஜப்பானியர் விளாடிவாஸ்டாக்கை விட்டகன்றது 1922-இல். அமெரிக்கர் பலர் இதை மறந்தே போயினர். சோவியத் மக்கள் மறக்கவில்லை; மறக்க விடப்படவுமில்லை.

ஒரு பக்கக் கணக்கை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையில் தமக்குப் பெரும்பான்மை இல்லை எனக் கண்டு, 1918 ஜனவரியில் ஒரே கூட்டத்தோடு அதைக் கலைத்தவர்கள் போல்ஷ்விக்குகள். 1919 மார்ச்சில் மாஸ்கோவில் மூன்றாம் அகிலத்தை நிறுவி, உலகப் புரட்சியே குறிக்கோள் என்று பறைசாற்றினர். 1921 மார்ச்சில், புரட்சியின் வீரர்கள் எனப் போற்றப்பட்ட கிரான்ஸ்டாட் கடற்படையினர் சுதந்திரமான தேர்தல் கேட்டபோது, படையை ஏவி அடக்கினர். "நம்மை அழிக்க வருகிறார்கள்" என்று இரு சாராரும் கூறினர். இரு சாராரிடமும் சான்று இருந்தது!

விதைத்த ஐயம் விளைந்தது. அமெரிக்கா சோவியத் ஆட்சியை ஏற்றது 1933-இல்தான். 1938 செப்டம்பரில், மியூனிக்கில், செக்கோஸ்லோவாகியாவைக் கூறு போட்டு ஹிட்லருக்குக் கொடுத்தபோது சோவியத் நாட்டை அழைக்கவேயில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 23-இல், அதே ஹிட்லருடன் ஸ்டாலின் ஒப்பந்தம் செய்து, போலந்தைப் பங்கிட்டார். 1941-இல் ஹிட்லர் ருசியாமீது பாய்ந்த பிறகே இரு சாராரும் கைகோத்தனர்.

கைகோத்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். 1944 அக்டோபர் 9-ஆம் நாள் இரவு, மாஸ்கோவில், சர்ச்சில் ஒரு தாளை எடுத்து எழுதினார்: ருமேனியாவில் ருசியாவுக்கு நூற்றுக்கு 90 பங்கு, கிரீசில் பிரிட்டனுக்கு நூற்றுக்கு 90 பங்கு, யூகோஸ்லாவியாவில் சரிபாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் அதன்மீது குறியிட்டார். இதைச் சர்ச்சிலே தம் நூலில் எழுதி வைத்துள்ளார். ஒருவர் சுதந்திரத்தின் காவலர். மற்றவர் பாட்டாளியின் தலைவர். அந்த நாட்டு மக்களை ஒரு சொல் கேட்டவர் எவர்?

அவ்வாண்டு டிசம்பரில் ஏதென்ஸ் நகரில், ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட கிரேக்க இடதுசாரிகளைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காத்தார்! அதற்குச் சில மாதம் முன்பு, வார்சா மக்கள் ஜெர்மானியரை எதிர்த்து 63 நாள் போராடி மாண்டனர். செப்டம்பரில் விஸ்துலா ஆற்றின் மறுகரையை அடைந்துவிட்ட செஞ்சேனை நகரை மீட்கவில்லை. உதவ வந்த மேல்நாட்டு வானூர்திகள் சோவியத் தளங்களில் இறங்கவும் ஸ்டாலின் பல வாரங்கள் இசையவில்லை. கிரேக்கப் பொதுவுடைமையர் பொதுவுடைமைத் தலைவரால் கைவிடப்பட்டனர். போலந்தின் சுதந்திர வீரர் சுதந்திர நாடுகளால் காப்பாற்றப்படவில்லை.

அதன்பின் வந்தது தத்துவ முழக்கம். 1947 மார்ச்சு 12-இல், கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்ட ட்ரூமன், உலகின் முன்னே இரு வாழ்க்கை முறைகளே உள்ளன, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றார். அவ்வாண்டு செப்டம்பரில், போலந்தில் கூடிய பொதுவுடைமைக் கட்சிகளிடம், உலகம் இரு முகாம்களாகிவிட்டது என்றார் ஸ்டாலினின் தோழர் ஷ்டானோவ். ஆறு திங்கள் இடைவெளியில், இரு தலைநகரும் ஒரே பாடத்தை ஓதின! இரண்டிலும் சேராத நாட்டுக்கு அந்தப் பாடத்தில் இடமேயில்லை.

கொள்கைகள் வெறும் பொய் என்று நாம் கூறவில்லை. உழைப்பவன் வயிறு நிறையவேண்டும் என்பதும் உண்மையான வேட்கை. பேசவும் எழுதவும் உரிமை வேண்டும் என்பதும் உண்மையான வேட்கை. அச்சமும் ஆதிக்க ஆசையும் கலந்தபோது, அந்தக் கொள்கைகள் கேள்வி கேட்கக் கூடாத வேதங்களாயின. வேதமானதும், ஐயுறுவோன் துரோகி எனப்பட்டான். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இரு முகாம் பாடத்தை ஓதும் பழக்கமோ இன்னும் கலையவில்லை.

ஆகவே, இளைஞர்காள்! எந்த வல்லரசு எந்தக் கொடியுடன் வந்தாலும், அது பேசும் தத்துவத்தைக் கேளுங்கள். கேட்டபின், மேசைமேல் கிடக்கும் தாளையும் காட்டச் சொல்லுங்கள். எந்த மக்களின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை பங்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.