பாடசாலை வட்டாரமும் பிற எல்லைகளும்: ஐக்கிய அமெரிக்க வரலாறு காட்டும் பாடம்

ஒரு நாட்டை ஆள்வோர் அதன் நிலப்பரப்பைப் பல நோக்கங்களுக்காகப் பலவாறு பகுத்துக்கொள்வர். நீதி வழங்குதற்கு ஒரு பகுப்பும், வரி அறவிடுதற்கு ஒரு பகுப்பும், தேர்தலுக்கு வேறொரு பகுப்பும் அமைதல் இயல்பு. இப்பகுப்புகள் தம்முள் பொருந்துமிடத்து மக்கள் அவற்றைப் பற்றிச் சிந்திப்பதில்லை. பொருந்தாவிடத்தோ, ஒரே வீதியின் இருமருங்கிலும் வாழ்வோர் வெவ்வேறு விதிகளுக்கு உட்படுகின்றனர். இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை வட்டார முறையாகும்.

இலங்கையில் அரசினர் பாடசாலைகளின் செலவு பெரும்பாலும் நாட்டின் பொது இறையிலிருந்து வருவதால், வட்டாரம் என்பது மேற்பார்வைக்குரிய பகுதி என்ற அளவிலேயே கருதப்படுகின்றது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு பெரும்பாலான வட்டாரங்கள் தமக்கெனத் தெரிவு செய்யப்பட்ட சபையையும், வரி விதிக்கும் அதிகாரத்தையும் உடைய தனி ஆட்சிப் பிரிவுகளாக விளங்குகின்றன. அவ்வரியுள் முதன்மையானது வீடு, காணி, தொழிற்சாலை முதலியவற்றின் மீது விதிக்கப்படும் ஆதன வரியாகும். ஆதலின் வட்டாரத்தின் எல்லை எவ்வழியே செல்கின்றது என்பதைப் பொறுத்தே, ஒரு பிள்ளை எத்துணைப் பொருட்செலவிற் கற்கும், யாருடன் கூடியிருந்து கற்கும் என்பன அமைகின்றன.

இம்முறையின் தோற்றுவாயை மசச்சூசெற்ஸ் குடியேற்ற நாட்டிற் காணலாம். 1647ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், ஐம்பது குடும்பங்களையுடைய ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமித்தல் வேண்டும் என்றும், நூறு குடும்பங்களையுடைய ஊர் இலக்கணப் பாடசாலை ஒன்றை நிறுவுதல் வேண்டும் என்றும் விதித்தது. அக்காலத்தில் ஊரின் எல்லையே பாடசாலையின் எல்லையுமாயிற்று. நாளடைவில் மக்கள் ஊர்நடுவை விட்டுத் தொலைவிலுள்ள பண்ணைகளிற் குடியேறினர். பனிக்காலத்திலே சிறுவர் நெடுந்தூரம் நடத்தல் அரிதாயிற்று. வரி கொடுத்தும் பயன்பெறாத வெளிப்புறத்தார் தம் அயலிலே பாடசாலை வேண்டுமெனக் கோரினர். இவ்வாறு வளர்ந்த வழக்கத்திற்குச் சட்ட உருவம் அளித்தது 1789ஆம் ஆண்டுச் சட்டம். ஊர்கள் தம்மைப் பாடசாலை வட்டாரங்களாகப் பிரித்துக்கொள்ள அது இடமளித்தது. 1800இல் அவ்வட்டாரங்களுக்கு வரி விதிக்கும் உரிமையும் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபருமாகிய டானியல் பூவர் ஐயர், அதே மசச்சூசெற்சின் டான்வர்ஸ் என்னும் ஊரில், அதே 1789ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நடக்கும் குழந்தையின் நலங்கருதிக் கீறப்பட்ட கோடு விரைவிலேயே வரி செலுத்துவோரின் வேலியாக மாறிற்று. 1837 முதல் 1848 வரை அம்மாநிலக் கல்விச் சபையின் செயலாளராயிருந்த ஹொறேஸ் மான், மாநிலத்தின் பாடசாலைகளைப் பற்றி இயற்றப்பட்ட சட்டங்களுள் 1789ஆம் ஆண்டினதே மிகவும் கேடு விளைத்தது என்னும் கருத்தினர். ஊர் முழுவதும் ஒன்றாகத் தாங்கவேண்டிய பொறுப்பு சிறு சிறு துண்டுகளாகச் சிதறியதே அவர் கண்ட குறை. எனினும் தம் அயற்பாடசாலையைத் தாமே ஆளும் உரிமையை மக்கள் எளிதில் விடவில்லை. மசச்சூசெற்ஸ் அம்முறையை முற்றாக ஒழிப்பதற்கு 1882ஆம் ஆண்டு வரை சென்றது.

மேற்குப் பகுதியில் எல்லைகள் வேறொரு வகையிற் பிறந்தன. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம், புதிய நிலங்களை மக்கள் குடியேறுதற்கு முன்னரே சதுரங்களாக அளந்து வகுக்க ஏற்பாடு செய்தது. பக்கம் ஒன்றுக்கு 6 மைல் கொண்ட சதுரம் ஒரு ரவுன்ஷிப் எனப்பட்டது. ஒவ்வொரு ரவுன்ஷிப்பும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், கொண்ட 36 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 16ஆம் கூறு பொதுப் பாடசாலைகளின் பொருட்டு ஒதுக்கப்பட்டது. இவ்வாறு நில அளவையும் கல்வியும் ஒரே படத்தில் இணைக்கப்பட்டன. பின்னர் அயோவா போன்ற மாநிலங்களிற் பல ரவுன்ஷிப்புகள் நான்கு சதுர மைல் கொண்ட ஒன்பது பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஓராசிரியர் பாடசாலை எழுந்தது. எப்பிள்ளையும் நடந்து செல்லத்தக்க தூரத்திற் பாடசாலை இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

மோட்டார் வண்டியும் நல்ல தெருக்களும் வந்தபின் இக்காரணம் வலுவிழந்தது. 1931–32இல் நாடெங்கும் 127,531 வட்டாரங்கள் இருந்தன. ஓராசிரியர் பாடசாலைகள் 143,391 இருந்தன. 1949–50இல் வட்டாரங்கள் 83,718 ஆகவும், 1959–60இல் 40,520 ஆகவும், 1969–70இல் 17,995 ஆகவும் குறைந்தன. இந்நாளில் அவை ஏறத்தாழ 13,000 அளவின. ஒரு தலைமுறைக் காலத்துள் ஆட்சிப் பிரிவுகள் இத்துணை பெருந்தொகையாக ஒன்றிணைந்தமை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். ஆயினும் இணைப்பு பெரும்பாலும் நாட்டுப்புறத்திலேயே நிகழ்ந்தது. பெருநகரங்களைச் சூழ்ந்த புறநகர்களில் பழைய வட்டாரங்கள் பல தம் தனிமையைக் காத்துக்கொண்டன.

இவ்விணைப்பு எல்லா மாநிலங்களிலும் ஒரே வடிவம் பெறவில்லை. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே வட்டாரம். புளொரிடாவில் 67 கவுண்டிகள் உள. பாடசாலை வட்டாரங்களும் 67. மேற்கு வேர்ஜினியா 1933இலும், நெவாடா 1956இலும் கவுண்டியையே வட்டாரமாக்கின. மேரிலாந்தில் 23 கவுண்டிகளும் பால்ற்றிமோர் நகரமும் சேர்ந்து 24 வட்டாரங்களாகின்றன. இம்மாநிலங்களில் நீதிமன்றம், தெரு, பாடசாலை ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எல்லை போதுமானதாயிற்று. இதற்கு மாறாக, இலினோய், கலிபோர்ணியா முதலிய மாநிலங்களிற் பல இடங்களில் ஒரே வீடு ஆரம்பப் பாடசாலை வட்டாரம் ஒன்றிலும், உயர்தரப் பாடசாலை வட்டாரம் வேறொன்றிலும் அடங்கும். ரெக்சாசிற் பெரும்பாலான வட்டாரங்கள் சுயாதீன வட்டாரங்கள் எனப்படுகின்றன. நகரசபைக்கோ கவுண்டிக்கோ அவை கட்டுப்பட்டவையல்ல; நகரம் தன் எல்லையை விரித்தாலும் வட்டாரத்தின் எல்லை தானாக விரிவதில்லை. எனவே ஒரு நகரத்தினுள்ளே பல வட்டாரங்களும், ஒரு வட்டாரத்தினுள்ளே பல நகரங்களின் பகுதிகளும் காணப்படுகின்றன.

இச்சிக்கல் கணக்கெடுப்போரையும் விட்டுவைக்கவில்லை. 1965ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வறிய பிள்ளைகளின் கல்விக்கெனச் சமஷ்டி அரசின் பணத்தை வழங்க ஏற்பாடு செய்தது. குடிசன மதிப்பின் வறுமைக் கணக்குகள் கவுண்டிவாரியாகவே பயன்படுத்தப்பட்டமையால், பணமும் முதலிற் கவுண்டிவாரியாகக் கணிக்கப்பட்டு, பின் மாநிலக் கல்வித் திணைக்களங்களால் வட்டாரங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஒரு கவுண்டியினுள் செல்வ வட்டாரமும் வறிய வட்டாரமும் அருகருகே இருக்குமாயின், சராசரிக் கணக்கு இரண்டையும் மறைத்துவிடும். ஆதலின் 1999–2000 பாடசாலை ஆண்டு தொடக்கம் வட்டாரவாரியான மதிப்பீடுகளே அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. இதற்காகக் குடிசன மதிப்புத் திணைக்களம் மாநிலங்களிடமிருந்து வட்டார எல்லைகளைப் பெற்றுத் தன் படங்களிற் பதித்துவருகின்றது. எல்லையைச் சரியாக அறிதலே நீதியாகப் பங்கிடுதலின் முதற்படியாயிற்று.

எல்லைக்கும் பொருளுக்குமுள்ள தொடர்பை விளக்குதற்கு ரெக்சாசின் சன் அன்ரோனியோ நகர வழக்கு ஒன்றே சாலும். அந்நகரப் பகுதியில் இருந்த ஏழு வட்டாரங்களுள் எட்ஜ்வூட், அலாமோ ஹைற்ஸ் என்பன இரண்டு. 1967–68ஆம் ஆண்டளவில் எட்ஜ்வூட்டிற் பிள்ளை ஒன்றுக்குரிய ஆதனப் பெறுமதி 5,960 டொலர். அலாமோ ஹைற்சில் அது 49,000 டொலருக்கு மேல். எட்ஜ்வூட் மக்கள் நூறு டொலர் பெறுமதிக்கு 1 டொலர் 5 சதம் வரி செலுத்தினர்; அலாமோ ஹைற்ஸ் மக்கள் செலுத்தியது 85 சதமே. அங்ஙனமிருந்தும், மாநிலத் திட்டத்திற்குச் செலுத்திய பங்கு போக, எட்ஜ்வூட்டின் வரி பிள்ளை ஒன்றுக்கு 26 டொலரையே தந்தது. அலாமோ ஹைற்சின் வரியோ 333 டொலரைத் தந்தது. மாநில உதவியும் சமஷ்டி உதவியும் சேர்ந்த பின்னரும் முன்னதன் செலவு 356 டொலர், பின்னதன் செலவு 594 டொலர் ஆயின. மிகுதியாக வரி கொடுத்தவர் குறைவாகப் பெற்றனர் என்பதே இக்கணக்கின் சாரம்.

எட்ஜ்வூட் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தனர். டெமெற்றியோ றொட்றிகேஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கில், 1973 மார்ச் 21ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி சமஷ்டி அரசியலமைப்பு வெளிப்படையாகக் காக்கும் உரிமைகளுள் ஒன்றன்று எனப் பெரும்பான்மையோர் கருதினர். எனினும் வழக்கு அவ்வளவில் ஓயவில்லை. 1989இல் ரெக்சாஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் சொந்த அரசியலமைப்புக்கு அந்த நிதிமுறை முரணானதென ஏகமனதாகத் தீர்த்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் செல்வ வட்டாரங்கள் தம் வரி வளத்தின் ஒரு பகுதியைப் பகிர வழிசெய்தது. எல்லைக் கோடுகள் முன்போலவே நின்றன. அவற்றைக் கடந்து பணம் செல்லத் தொடங்கிற்று.

பணம் கடந்தாலும் பிள்ளைகள் கடக்க முடியுமா என்பது அடுத்த வினா. 1954ஆம் ஆண்டின் பிறவுன் தீர்ப்பு, இனம் பற்றிப் பாடசாலைகளைப் பிரித்தல் சட்டத்துக்கு முரண் என அறுதியிட்டது. அத்தீர்ப்பு நடைமுறையில் எவ்வாறு பயன்பட்டது என்பது வட்டார எல்லைகளைப் பெரிதும் பொறுத்திருந்தது. வட கரோலினாவிற் சார்ளற் நகர வட்டாரமும் அதனைச் சூழ்ந்த மெக்லன்பேர்க் கவுண்டி வட்டாரமும் 1960இல் ஒன்றாக இணைந்திருந்தன. 1968–69இல் 550 சதுர மைல் பரப்பில், 107 பாடசாலைகளில், 84,000க்கு மேற்பட்ட மாணவர் அவ்வட்டாரத்திற் கற்றனர். கறுப்பின மாணவருள் ஏறத்தாழ 14,000 பேர், முற்றாகவோ பெரும்பாலும் முற்றாகவோ கறுப்பினத்தவருக்கே உரியனவாயிருந்த 21 பாடசாலைகளிற் பயின்றனர். 1971இல் உச்ச நீதிமன்றம், பேருந்துகளில் மாணவரைக் கொண்டுசென்றேனும் பாடசாலைகளைக் கலந்தமைக்கும் திட்டத்தை ஏகமனதாக ஏற்றது. நகரமும் புறநகரும் ஒரே வட்டாரமாயிருந்தமையால் அத்திட்டம் எந்த எல்லையையும் கடக்கவேண்டியிருக்கவில்லை. 1999இல் ஒரு சமஷ்டி நீதிபதி அக்கட்டளையை நீக்கும்வரை அவ்வேற்பாடு பல ஆண்டுகள் நிலவிற்று.

மிச்சிக்கனிலுள்ள டெற்றோயிற் நகரின் நிலை இதற்கு நேர்மாறானது. அந்நகரையும் அதன் சூழலையும் கொண்ட வேய்ன், ஓக்லாந்து, மக்கோம் ஆகிய மூன்று கவுண்டிகளில் நகர வட்டாரத்துக்கு வெளியே 85 வட்டாரங்கள் இருந்தன. வேலை, சந்தை, போக்குவரத்து ஆகியவற்றால் அது ஒரே மாநகரப் பகுதி; பாடசாலையாலோ பல துண்டுகள். 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்ரீபன் றொத், நகரப் பாடசாலைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன எனக் கண்டார். நகரத்தினுள் மாத்திரம் மாற்றஞ்செய்தாற் பயனில்லை என எண்ணிய அவர், 1972இல் 53 புறநகர் வட்டாரங்களையும் ஒரே திட்டத்தினுள் அடக்க முற்பட்டார். வட்டார எல்லைகள் ஆட்சி வசதிக்காக ஏற்பட்டவையே என்பது அவர் கொள்கை.

1974 யூலை 25ஆம் திகதி உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அத்திட்டத்தை நீக்கியது. புறநகர் வட்டாரங்கள் குற்றமிழைத்தன என்று காட்டப்படாதவிடத்து அவற்றின் எல்லையைக் கடத்தல் ஆகாதென்பதும், உள்ளூராரே தம் பாடசாலையை ஆளுதல் அந்நாட்டில் ஆழ வேரூன்றிய மரபு என்பதும் தலைமை நீதியரசர் பேகரின் நியாயங்களாகும். பிறவுன் வழக்கில் முன்னின்று வாதாடியவரும் அப்பொழுது நீதியரசராயிருந்தவருமாகிய தேகுட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மாநகரங்கள் இனத்தால் இரண்டாகப் பிளவுபடுதற்கு இத்தீர்ப்பு வழிகாட்டும் என அவர் எச்சரித்தார்.

சார்ளற்றுக்கும் டெற்றோயிற்றுக்கும் பொருந்திய அரசியலமைப்பு ஒன்றே. வழக்காடிய பெற்றோரின் குறையும் பெரிதும் ஒத்ததே. ஓரிடத்திற் பாடசாலை எல்லை கவுண்டியின் எல்லையோடு ஒன்றியிருந்தது; மற்றோரிடத்தில் அது மாநகரைக் கூறுபடுத்திற்று. பரிகாரம் ஓரிடத்திற் கிட்டியதும் மற்றோரிடத்திற் கிட்டாமையும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டால் விளைந்தனவே.

இதனாற் சிறு வட்டாரங்கள் யாவும் தீயன என்று கொள்ளுதல் பொருந்தாது. தம் பிள்ளைகள் கற்கும் பாடசாலையைத் தாம் அறிந்தவர் நடத்துதல் வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது. பல குக்கிராமங்களிற் பாடசாலை மூடப்பட்டபின் ஊரின் பொதுவாழ்வே தளர்ந்ததும் உண்டு. பெரிய வட்டாரத்திற் பெற்றோரின் குரல் சபையின் காதிற் சேராதென்பதும் வெறும் அச்சமன்று. ஆயினும் உள்ளூர் ஆட்சி என்னும் நன்மையும், உள்ளூர் வரியையே நம்பியிருத்தல் என்னும் இடரும் வேறு வேறானவை. முன்னதைக் காத்தற்குப் பின்னதையும் சுமக்கவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதை 1993க்குப் பின்னுள்ள ரெக்சாசின் முயற்சி ஓரளவு காட்டுகின்றது.

மசச்சூசெற்சின் பனிவழியில் நடந்த சிறுவருக்காக எழுந்த வட்டாரம், அவ்வழியிற் பேருந்து ஓடத் தொடங்கிய பின்னரும் நிலைத்தது. எழுந்த காரணம் மறைந்தபின் வரியும் நிலமதிப்பும் இனப்பிரிவும் அதனைத் தாங்கி நின்றன. ஆகவே தேசப்படத்திற் பாடசாலை எல்லை ஒன்றைக் காண்போர், அது எந்நோக்கத்திற்காகக் கீறப்பட்டது, இப்பொழுது எந்நோக்கத்திற்குப் பயன்படுகின்றது, எவருடைய பிள்ளைகள் அதன் அப்புறத்தே நிற்கின்றனர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் இன்றியமையாததாகும்.